செயலாளரின் ஆண்டறிக்கை: உதிரிப்பாக அலமாரியும் நம் ரோட்டரி எஞ்சின்களும்

நம் ரோட்டரி எஞ்சின் வண்டிச் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மேற்கு சிட்னியின் பல பக்கங்களிலிருந்து இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு துயரச் செய்தி. நாம் எல்லோரும் 'பெரியண்ணை' என்று அழைத்த நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தார். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினைப் பிரித்துப் பூட்ட நம்மில் பலர் பழகியது அவருடைய கராஜில்தான். அவர் சேர்த்து வைத்திருந்த பாகங்கள் முழுவதையும் குடும்பத்தார் சங்கத்துக்குத் தந்துவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

அந்தப் பெட்டிகளை இறக்கிய அன்றுதான் நம் குறை எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பாகத்திலும் ஓர் அட்டை கட்டி, எந்த வருட எஞ்சினிலிருந்து கழற்றியது, கூடவே எது போக வேண்டும் என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். ஒரு ஜோடி ரோட்டர்களில் "இவற்றைப் பிரிக்க வேண்டாம்" என்று இருந்தது. நம் சங்க அலமாரியில் அப்படி ஓர் அட்டைகூட இல்லை. இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை, அலமாரியை முழுக்க இறக்கி, தலைமுறை வாரியாகப் பிரித்து அடுக்கியதுதான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியே.

மஸ்டாவின் 10ஏ, 12ஏ, 13பி, மூன்று ரோட்டர் கொண்ட 20பி ஆகிய எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும், ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கின் உள்வளைவு ஒன்றுதான். ஆரம் 105 மி.மீ., தண்டின் மையத்திலிருந்து ரோட்டரின் மையம் தள்ளியிருக்கும் மையவிலகல் 15 மி.மீ. மாறுவது ரோட்டரின் அகலம்: 10ஏ-யில் 60, 12ஏ-யில் 70, 13பி-யிலும் 20பி-யிலும் 80 மி.மீ. நம்மை ஏமாற்றுவது இந்தக் குடும்பச் சாயல்தான். மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். போல்ட்டும் ஏறிவிடும். ஏறிவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று ஆகாது.

ஓர் உறுப்பினருக்கு நடந்ததை, அவர் அனுமதியுடன் சொல்கிறேன். அவருடையது இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரான எஃப்சி, 1986 முதல் 1988 வரை வந்த எஸ்4 வகை. பழைய சாமான் பெட்டி ஒன்றில் நல்ல நிலையில் ரோட்டர்கள் கிடைக்க, வாங்கிப் பூட்டினார். அவை 1989 முதல் வந்த எஸ்5 ரோட்டர்கள். முந்தியவற்றைவிட எடை குறைந்தவை. ரோட்டரின் எடையைச் சமன் செய்யும் முன்பக்கக் கவுன்டர்வெயிட்டும், பின்னால் எடை சேர்த்தே வார்த்த ஃப்ளைவீலும் எஸ்4-இனுடையவையாகவே இருந்தன. ஐட்லிங்கில் ஒன்றும் தெரியவில்லை. சுழற்சி ஏற ஏற ஸ்டீயரிங் வரை நடுக்கம் வந்தது. மறுபடி முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று. ரோட்டர், முன் கவுன்டர்வெயிட், பின் எடை மூன்றும் ஒரே தொகுதி என்று இப்போது அலமாரியில் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம். வேறு கம்பெனிகள் செய்யும், பின் எடை இல்லாத லேசான ஃப்ளைவீல் போடுபவர்கள் ஆட்டோ கியர் வண்டியின் தனிக் கவுன்டர்வெயிட்டைத் தேடுவார்கள். அதையும் ரோட்டரின் வருடம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அழுத்த விகிதமும் ரோட்டரோடுதான் வருகிறது. எஸ்4 டர்போவுக்கு 8.5, டர்போ இல்லாததற்கு 9.4. எஸ்5-இல் அவை 9.0, 9.7. அடுத்த தலைமுறை ஆர்எக்ஸ்-7 ஆன எஃப்டி-யின் 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினுக்கு 9.0. டர்போ வண்டியில் 9.7 ரோட்டரைப் போட்டுவிட்டு பழைய பூஸ்ட்டிலேயே (டர்போ அழுத்தத்திலேயே) ஓட்டினால், எரிபொருள் கட்டுமீறி வெடிக்கும் டெட்டனேஷன் வந்து, ரோட்டரின் முனையில் உள்ள அபெக்ஸ் சீல் உடைவதற்கு அதிக நாள் ஆகாது.

தண்ணீர் சீல் விஷயம் இன்னும் நுட்பமானது. 12ஏ-யிலும் 1985 வரையான 13பி-யிலும் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் ரோட்டர் ஹவுசிங்கில் இருக்கும். 1986 முதல் அந்தப் பள்ளம் அயர்ன் என்று நாம் சொல்லும் பக்கத் தட்டுகளுக்குப் போய்விட்டது. பழைய ஹவுசிங்கோடு புதிய அயர்னைச் சேர்த்தால் பள்ளத்துக்கு எதிரே பள்ளம்; மாற்றிச் சேர்த்தால் பள்ளமே இல்லை. நம் பட்டறை நாளில் ஒரு தம்பி கொண்டுவந்த ஜோடி இப்படித்தான் இருந்தது. நல்ல வேளை, மேசையிலேயே கண்ணில் பட்டது. அபெக்ஸ் சீலின் தடிப்பும் அதே மாற்றத்தோடு 3 மி.மீ.-இலிருந்து 2 மி.மீ. ஆனது.

ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் அதிகரித்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அதிலுள்ள ரெனிசிஸ் எஞ்சின் பெயரளவில்தான் 13பி. புகை வெளியேறும் வழி அதில் ஹவுசிங்கில் இல்லை, பக்கத் தட்டில் இருக்கிறது. அந்த ஹவுசிங்கை எஃப்டி அயர்ன்களுக்கு நடுவில் வைத்தால் புகை போக வழியே கிடையாது. அபெக்ஸ் சீலின் உயரமும் குறைவு. ஆகவே ரெனிசிஸுக்கு அலமாரியில் தனித் தட்டு ஒதுக்கிச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறோம். 2023இல் எம்எக்ஸ்-30-இல் வந்த ஒற்றை ரோட்டர் 8சி-யிலிருந்து ஏதாவது எடுக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். அதன் ஆரமே 120 மி.மீ.; பக்கத் தட்டுகள் அலுமினியம். நம் வண்டிகளுக்கு எதுவும் ஆகாது.

எல்லாம் ஆகாது என்று மட்டும் சொல்லிப் போக மனமில்லை. டர்போ எஃப்சி, எஃப்டி ரோட்டர் ஹவுசிங்குகள் ஒன்றுக்கொன்று உதவும். இந்த ஆண்டு இரண்டு எஞ்சின்கள் அப்படித்தான் உயிர் பெற்றன. டர்போ இல்லாத ஹவுசிங்கை டர்போவுக்கு எடுப்பவர்கள் எக்ஸாஸ்ட் வாயிலில் புகையைப் பிரித்துவிடும் டிஃப்யூஸரை எடுத்துவிட வேண்டும். எஸ்5 எஞ்சினை எஸ்4 வண்டியில் இறக்குபவர்கள் எண்ணெய் ஊட்டும் பம்ப்பைக் கவனியுங்கள். எஸ்4-இல் அது திராட்டிலோடு கம்பியால் இணைந்தது; எஸ்5-இல் மின்னணு. பழைய கம்ப்யூட்டருக்கு அதை இயக்கத் தெரியாது.

அப்புறம், எஞ்சினின் உள்ளழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் பரிசோதனை நாள் வழக்கம்போல் நடந்தது. சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் மிக நல்லதை மட்டுமே காட்டும் என்பதால் ரோட்டருக்கு மூன்று அளவு தரும் கருவியைப் பயன்படுத்தினோம். எஃப்சி, எஃப்டி வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 250 சுழற்சியில் சதுர செ.மீ.-க்கு 8.5 கி.கி. இருந்தால் புதுசு போல, 6.0க்குக் கீழே போனால் பிரிக்க வேண்டியதுதான்.

பழைய வண்டிகளுக்கான ஹிஸ்டாரிக் பதிவில் ஓட்டுபவர்கள் 60 நாள் லாக் புத்தகத்தை ஒழுங்காக நிரப்புங்கள். வேறு தலைமுறை எஞ்சின் இறக்கியவர்கள் மாற்றம் செய்த வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில்தான் சேர வேண்டும். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு ஒரே வேண்டுகோள். அலமாரியிலிருந்து எதை எடுத்தாலும் நோட்டில் எழுதுங்கள். அட்டையைக் கழற்ற வேண்டாம். பெரியண்ணை பிரிக்க வேண்டாம் என்று எழுதிய அந்த 12ஏ ரோட்டர் ஜோடி இரண்டாம் தட்டில் இருக்கிறது. கவுன்டர்வெயிட்டும் கூடவே உண்டு. பழைய ஆர்எக்ஸ்-7 ஒன்றைத் திரும்ப ஓட வைக்க நினைப்பவர் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

நன்றி.
செயலாளர்