எச்.ஐ.வி தடுப்பு மருந்து இரவிலும் கிடைக்க வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசு மருத்துவமனைச் செவிலியர்

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: ஊசிக்குத்து, பாலியல் வன்முறைக்குப் பின் தரும் எச்.ஐ.வி தடுப்பு மருந்தை அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 24 மணி நேரமும் வைத்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 11 ஆண்டுகளாக வார்டில் வேலை செய்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு நோயாளி ஒருவருக்கு ரத்தம் எடுத்து முடிக்கும் நேரத்தில் அவர் கையை உதற, ஊசி கையுறையைத் துளைத்து என் விரலில் ஏறிவிட்டது. அவருக்கு எச்.ஐ.வி இருப்பது கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது.

விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருந்து கேட்டேன். மருந்து இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். சாவி, எச்.ஐ.வி உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி மையத்தில். மையம் திறப்பது திங்கட்கிழமை. முதல் மாத்திரையை நான் விழுங்கியபோது 36 மணி நேரம் போயிருந்தது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, என் ஏழு மாதக் குழந்தை பாலுக்கு அழுதது. கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

எனக்குத் தொற்று வரவில்லை. ஆனாலும் அந்த அலமாரி இன்றும் அப்படியேதான் பூட்டிக் கிடக்கிறது.

உடலில் நுழைந்த வைரஸ் நிலைகொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் மருந்து ரத்தத்தில் சேர வேண்டும். 72 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. அதுவரை காத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஸிடோவுடின் என்ற ஒரே மருந்தைச் சாப்பிட்ட மருத்துவப் பணியாளர்களிடமே தொற்று அபாயம் சுமார் 81 சதவீதம் குறைந்ததாக 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் வருகின்றன. தினமும் ஒன்று, 28 நாட்கள்.

நானாவது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவள். வன்முறைக்கு ஆளாகி நள்ளிரவில் வரும் பெண்ணுக்கு இப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாது. காலையில் வாருங்கள் என்று அனுப்பினால் அவர் திரும்பி வருவாரா?

ஆகவே, எல்லா அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் இம்மருந்தை வைத்து, பணியிலிருக்கும் செவிலியரே முதல் மாத்திரையைக் கொடுக்க அனுமதி தாருங்கள். இந்தப் பொறுப்பைப் பயிற்சி பெற்ற மற்ற பணியாளர்களுக்கும் பகிர்ந்தளிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் பரிந்துரைத்துள்ளது. பரிசோதனை முடிவுக்கோ காவல்துறைப் புகாருக்கோ முதல் மாத்திரை காத்திருக்கக் கூடாது. 28 நாள் மாத்திரையையும் ஒரே தடவையில் தந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த நோயாளி மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம், மையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவருக்கு வேலை நேரம் என்பதுதான். விடாமல் மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது மையங்கள் மாலையிலும் திறந்திருக்க ஆணையிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
செவிலியர்