பிறந்த ஊரைப் பார்த்துக் கணக்கை மூடாதீர்கள்: ஐரோப்பிய வங்கி நிர்வாகங்களுக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள வாடிக்கையாளர்களுக்கு, "உங்கள் கணக்கை மூடுகிறோம்" என்று நீங்கள் அனுப்பும் கடிதங்கள் இன்னும் நின்றபாடில்லை. அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களைத் தெரிவிக்கும்படி வெளிநாட்டு வங்கிகளைக் கேட்கும் அமெரிக்கச் சட்டமான ஃபாட்கா, 2010இல் நிறைவேறி 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது; அது உங்களுக்குப் புதிதல்ல. ஒத்துழைக்காத வங்கிக்கு அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய பணத்தில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சமும் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் கேட்பது தகவல். பிறந்த ஊரை வைத்துக் கணக்கை மூடச் சொல்லி அதில் இல்லை.

அமெரிக்கர் என்றாலே பெரும் பணக்காரர், வரி ஏய்க்க வெளிநாட்டுக் கணக்குத் தேடி வருபவர் என்ற எண்ணம் ஐரோப்பாவில் ஊறிக் கிடக்கிறது. உங்கள் கவுன்ட்டரில் வந்து நிற்பவரைப் பாருங்கள். பெற்றோர் படிக்கப் போன பாஸ்டனில் பிறந்து, கைக்குழந்தையாகவே பிரான்சின் லியோனுக்கு வந்துவிட்ட செவிலியர். அங்கே பிறந்ததாலேயே அவர் அமெரிக்கக் குடிமகள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த இடம் என்ற ஒற்றை வரியைத் தவிர அவருக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பே இல்லை.

அவரிடம் அமெரிக்க வரி எண்ணைக் கேட்கும் டபிள்யூ-9 படிவத்தை நீட்டுகிறீர்கள். அதற்கு, அமெரிக்கக் குடிமக்களுக்கு வரி எண்ணாகவும் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். அவருக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. வாங்குவதென்றால் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பதற்கான எஸ்எஸ்-5-எஃப்எஸ் படிவம், பிறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணம் எல்லாம் வேண்டும். 12 வயது ஆனவர் முதன்முறை கேட்டால் நேர்காணலுக்கும் நேரில் போயாக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து தபாலில் வந்து சேர்வதற்குள் நீங்கள் வைத்த கெடு முடிந்துவிடும். சம்பளம் திரும்பிப் போகும். வாடகை நின்றுபோகும்.

இதற்கு வழி இருக்கிறது. ஃபாட்கா நடைமுறைக்கு வருமுன் தொடங்கிய பழைய கணக்கில் பிறந்த இடம் மட்டுமே அமெரிக்க அடையாளமாக இருந்து, எண்ணும் இல்லையென்றால், நீங்கள் அனுப்பும் அறிக்கையில் எண்ணுக்குரிய கட்டத்தில் 2 என்ற இலக்கத்தை ஒன்பது முறை இடும் குறியீட்டை அமெரிக்க வரித்துறையே தந்திருக்கிறது. பிறந்த தேதியையும் சேர்த்து அனுப்பி, ஆண்டுதோறும் வாடிக்கையாளரிடம் எண்ணைக் கேட்டு வர வேண்டும். ஓர் எழுத்தர் செய்துவிடக்கூடிய வேலைக்கு ஒருவரின் கணக்கையே மூடுவது என்ன நியாயம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/92 வழிகாட்டு ஆணைப்படி, சட்டபூர்வமாக வசிப்பவருக்கு அடிப்படைக் கணக்கு உரிமை. முழுமையான விண்ணப்பத்துக்கு 10 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "எங்கள் வணிகக் கொள்கை" என்பது காரணமாகாது.

குடியுரிமையை வைத்து, எங்கே வாழ்ந்தாலும் வரிக் கணக்குக் கேட்கும் வாஷிங்டன் மீதும் எங்களுக்குக் கோபம் உண்டு. அந்தச் சட்டத்தை இயற்றியவர்களிடம் உங்கள் செல்வாக்கைக் காட்டுங்கள், செவிலியரிடம் வேண்டாம். அமெரிக்கர் சத்தமாகப் பேசுவார், காசைக் காட்டுவார் என்பதெல்லாம் காபிக் கடைப் பேச்சோடு நிற்கட்டும். அது வங்கி விதியாக வேண்டாம்.

பிறந்த ஊரைப் பார்த்துக் கணக்கை மூடாதீர்கள். அனுப்பிவிட்ட கடிதங்களை நிறுத்திவையுங்கள். எண் கைக்கு வரும்வரை அவகாசம் கொடுங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரிப் படிவ உதவிப் பணியில் இருப்போர்