பி.டி. பீரியடைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்: மதுரைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் செல்லூரில் குடியிருக்கும் ஒரு தாய். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் அவள் பின்கழுத்து கருத்துக்கொண்டே வந்தது. அழுக்கு என்று நினைத்து என் மாமியார் பயத்தமாவு போட்டுத் தேய்த்தார். நான் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். தோல் சிவந்து எரிந்தது, கருமை போகவில்லை. காய்ச்சலுக்குப் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் கழுத்தைக் கவனித்துவிட்டு, "தேய்க்காதீங்கம்மா, இது அழுக்கு இல்லை. இன்சுலின் சொல்றதை உடம்பு சரியாக் கேட்கலைங்கிறதுக்கு அடையாளம்" என்றார். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ளச் செய்யும் ஹார்மோன்தான் இன்சுலின். அன்று இரவு அந்தக் கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவும்போது எனக்குக் கை நடுங்கியது.

அந்த வருடம்தான் அவள் பள்ளியில் வகுப்பில் வைத்தே எல்லாருக்கும் எடை பார்த்தார்கள். ஒவ்வொருவர் எடையையும் சத்தமாக வாசித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் டிபன் பாக்ஸ் நிரம்பியே வீடு திரும்பியது. சாயங்காலம் வந்ததும் பசி தாங்காமல் கையில் கிடைத்ததையெல்லாம் தின்றாள். "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று நானும் திட்டியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் புரிந்தது.

கொழுப்பு என்றால் இடுப்பில் சும்மா தேங்கிக் கிடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அதுவும் ஹார்மோன் சுரக்கும் ஒரு உறுப்பு. 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு இதைச் சுரந்து, "கையிருப்பு போதும்" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே லெப்டின் சுரக்காது. அவர்களுக்கு ஊசி போட்டால் அடங்காத பசி அடங்கிவிடுகிறது. பருமனான மற்ற பிள்ளைகளுக்கோ லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆனால் அது சொல்வது மூளையில் சரியாக ஏறுவதில்லை. அந்த நிலையில் பிள்ளை பட்டினி கிடந்தால் லெப்டின் சட்டென்று குறையும். உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிப் பசியைக் கிளப்பிவிடும். என் மகளுக்குச் சாயங்காலம் வந்த பசியும் உடம்பு கிளப்பிய பசிதான். அதைக் கொழுப்பெடுத்த வாய் என்று யாரும் சொல்லக் கூடாது.

அடிபோனெக்டின் என்று இன்னொன்று இருக்கிறது. இதையும் கொழுப்புத் திசுதான் சுரக்கிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது. ஆனால் கொழுப்பு கூடக் கூட இது குறைகிறது. அதிலும் நம் ஊர்க்காரர்கள் உடம்புவாகுக்கு, பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். அதனால் எடையை மட்டும் பார்த்து யார் நலம், யார் நலமில்லை என்று பிரித்துவிட முடியாது.

சரி, இதில் பள்ளி என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஓடியாடினால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன, எடை குறையாவிட்டாலும் இன்சுலின் சொல்வதைக் கேட்கத் தொடங்குகின்றன. 5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தெருவில் பந்து போட இடமில்லை. ஒன்பது மணி வரை டியூஷன். அப்புறம் சாப்பாடு, செல்போன். தூக்கம் குறைந்தாலும் பசி ஹார்மோன்கள் தடுமாறும். ஆக, பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது உங்கள் மைதானம் ஒன்றுதான். அந்தப் பி.டி. பீரியடைத்தான் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பில் மட்டும் இப்படி நடக்கிறது என்று நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்பிலேயே நடக்கிறது.

அந்தப் பீரியடைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். மற்ற இரண்டும் சின்ன விஷயங்கள். எடை பார்ப்பதென்றால் தனி அறையில் பாருங்கள், பெற்றோரிடம் மட்டும் சொல்லுங்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டிருக்கிறது. வாசலில் கடை வைத்திருப்பவர்களைத் துரத்தச் சொல்லவில்லை, அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். பாக்கெட் சிப்ஸுக்குப் பதில் சுண்டலும் கொய்யாவும் விற்கச் சொல்லுங்கள், நாங்கள் வாங்குகிறோம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கியது. காலையில் பசியோடு வருகிற பிள்ளையும் என் மகளும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். இரண்டு பேருக்கும் ஓடி விளையாட மைதானம் வேண்டும்.

என் மகளுக்கு எறிபந்து என்றால் உயிர். செவ்வாய்க்கிழமை கடைசிப் பீரியட் அவளுக்கு பி.டி. இந்த வாரம் அதை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒரு தாய்