வேஷம்தான், ஆனால் வாசிப்பும் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஸ்வீடனைச் சேர்ந்த 'தி ஹைவ்ஸ்' ராக் இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ்ப் பத்திரிகை பங்க் ராக்குக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், நன்றி. ஆனால் வாசிக்கத் தெரியாததை மறைக்கத்தான் கோட் சூட் மாட்டிக்கொண்டு மேடையில் குதிக்கிறார்கள் என்கிற மாதிரி கட்டுரையாளர் முடித்திருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாட்டை மட்டும் கேட்டுவிட்டு எழுதியிருப்பார் போல.

நான் தண்டையார்பேட்டையில் மைக் செட் வைத்திருப்பவன். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு வீட்டு கானா என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் அடுக்கியிருக்கிறேன். ஹைவ்ஸை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, எல்லாம் யூடியூபில் விடிய விடியப் பார்த்ததுதான். பார்க்கும்போது என் கண் பாடகரைவிட வயர் மேல்தான் போகும். பாடகர் பெல்லே ஆல்ம்க்விஸ்ட் வயர் மைக்கை வயரோடு சேர்த்துச் சுழற்றுவார், தூக்கி எறிந்து பிடிப்பார், அப்படியே கூட்டத்துக்குள் இறங்கிவிடுவார். இந்த இழுப்பு இழுத்தால் முதலில் போவது மைக்குக்கு அடியில் வயரைச் செருகுகிற கேனான் ஜாக்தான். உள்ளே சால்டரிங் விட்டுக் கரகரவென்று இரையும், இல்லையென்றால் மைக்கே கழன்று போய் முன்னால் நிற்பவர் மண்டையைப் பதம் பார்க்கும். ஜாக்கை டேப் சுற்றி இறுக்க வேண்டும், ஆள் கீழே இறங்கினால் பின்னால் ஒருவர் வயரைத் தளர்த்தி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேடை வேலை பார்க்கிற அந்தப் பையன்களுக்கும் இவர்கள் வேஷம் கட்டிவிட்டிருக்கிறார்கள், கண் மட்டும் தெரிகிற கறுப்பு நிஞ்ஜா உடை! எங்கள் பையன்களுக்கு யாராவது ஒரு டீ சர்ட் எடுத்துக் கொடுத்தாலே அதிசயம்.

அப்புறம் அந்தச் சிலை விளையாட்டு. பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஐந்து பேரும் ஒரே தட்டில் நின்றுவிடுவார்கள், கிட்டார் வாசிக்கிறவர் கை அந்தரத்தில் நிற்கும், கூட்டம் விசிலடித்துக் கத்தினாலும் ஒருவரும் அசைய மாட்டார்கள், பிறகு ஒரே அடியில் ஐந்து பேரும் விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்கள். தாளம் கைக்குள் இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும், இரண்டாவது அடியிலேயே சாயம் வெளுத்துவிடும். நிகழ்ச்சி முடியப்போகிற நேரத்தில் மொத்தக் கூட்டத்தையும் தரையில் உட்காரச் சொல்வார் பெல்லே. உட்காராதவரை விரலை நீட்டி மிரட்டுவார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு சத்தம், அத்தனை பேரும் ஒன்றாக எகிறுவார்கள்.

இவர்கள் ஃபாகெர்ஸ்டா என்கிற எஃகு ஆலை ஊரில் 1993-ல் தொடங்கியவர்கள். எண்ணூர், மணலி பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த மாதிரி ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2000-ல் வந்த இரண்டாவது ஆல்பம் முழுசாக ஓடினாலும் அரை மணி நேரத்தைத் தாண்டாது, நீட்டி முழக்குகிற வேலையே கிடையாது. உடை எப்போதும் கறுப்பு வெள்ளை, ஐந்து பேருக்கும் ஒரே தையல். 2012 சுற்றுப்பயணத்தில் உயரத் தொப்பியும் வால் கோட்டுமாக வந்தார்கள். பாட்டெல்லாம் ராண்டி ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்கிற, யாருமே பார்த்திராத ஒருவர் எழுதுவதாகப் பல வருஷம் கதை விட்டு, 2023 ஆல்பத்தில் அவரைச் சாகடித்தும் விட்டார்கள். பெல்லே மேடையில் அடிக்கிற தற்பெருமையும் இந்த ரகம்தான். கட்டுரையாளர் அதைத் திமிர் என்கிறார். கானாப் பாடகர் தன் பெயரையும் தன் ஏரியாவையும் பாட்டிலேயே இழுத்து எதிராளிக்குச் சவால் விடுவதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குச் சிரிப்புதான் வருகிறது.

நம் ஊரிலேயே 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற சாதி எதிர்ப்பு இசைக்குழு முதல் மேடை ஏறியபோது கோட் சூட்டில்தான் வந்தார்கள். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து வெளுத்து வாங்கினார்களே, அந்தக் கோட்டு எதை மறைக்கப் போட்டது? கானாக்காரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்தவர்கள் முகத்துக்கு நேராகப் போட்ட கோட்டு அது. ஹைவ்ஸ் கோட்டில் இந்த அரசியல் இல்லை, விளையாட்டு இருக்கிறது. இரண்டும் மேடைக்கு மரியாதை.

ஒரு கோரிக்கையும் உண்டு. சென்னையில் ராக் நிகழ்ச்சி என்றாலே தெற்கே ஓஎம்ஆர், ஈசிஆர், தப்பினால் நந்தனம். போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். முன்னால் சோபா, நடுவில் நாற்காலி, கடைசியில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நாங்கள். எழுந்து ஆடிய இரண்டு பையன்களை பவுன்சர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பாவம், மேடையில் இருந்தவர்கள் சோபாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்த இசைக்கு நின்று ஆட ஒரு திடல் போதும். எங்கள் வடசென்னையில், திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ, மாநகராட்சி ஒரு மைதானத்தை முறையாக அனுமதி கொடுத்து மாலை நேரத்துக்குத் திறந்துவிட்டால் கூட்டத்துக்குப் பஞ்சமே இருக்காது, விம்கோ நகர் வரை மெட்ரோவும் இருக்கிறது. இதைப் பற்றி நீங்கள் ஒரு செய்தி போடலாம். கட்டுரையாளரும் வரட்டும், பாக்ஸ் பக்கத்திலேயே இடம் பிடித்து வைக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள். கேனான் ஜாக் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மைக் செட் வாசகர்,
தண்டையார்பேட்டை