கூட வராத பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்கிறவர்களிடையே, அதாவது பொறுப்பேற்று அழைக்கிறவர்களிடையே, ஆபத்தான யோசனை ஒன்று இன்னமும் உலவுகிறது. "முதல் தாரத்துப் பிள்ளையை இப்போது காட்டவேண்டாம், கேஸ் இழுபடும். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்த பிறகு தனியாகக் கூப்பிடலாம்" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புகிறவர்கள் சிலரும் சொல்கிறார்கள். சட்டத்தில் இருப்பது இதற்கு நேர்மாறானது. இப்போது காட்டாமல் விட்ட பிள்ளையைப் பிறகு குடும்பப் பிரிவில், அதாவது குடும்ப உறவு என்ற வகையில், கூப்பிட முடியாது.

கனடிய குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117(9)(டி) என்ற பிரிவு இதைச் சொல்கிறது. ஒருவர் நிரந்தர வதிவிட உரிமை பெறும் நேரத்தில் அவருடைய குடும்பத்தவராக இருந்து, கூட வராமலும் குடிவரவுத் துறையின் பரிசோதனைக்கு உட்படாமலும் விடப்பட்டவரை, அந்த உரிமை பெற்றவர் பின்னாளில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஐந்து வருடம், பத்து வருடம் என்று இதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, அறியாமல் விட்டதா என்றும் இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. 2005இல் டி குஸ்மான் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லுபடியான விதி என்றே தீர்ப்பளித்தது. ஸ்பொன்சர் நிராகரிக்கப்பட்டு குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போனாலும், குடும்பப் பிரிவில் சேராத ஒருவருக்காக அங்கே மனிதாபிமானக் காரணங்களை முன்வைக்க இடமில்லை.

மறுமணங்களில்தான் இது மிகக் கடுமையாகத் தாக்குகிறது. ரொறன்ரோவில் இருக்கும் கணவர், யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியை அழைக்கிறார். மனைவிக்கு முந்திய திருமணத்தில் ஒரு மகன், அம்மம்மாவோடு இருக்கிறான். அவன் பெயரை எழுதாமல் அவர் வந்து இறங்கிவிட்டால், தாய்க்கு அவனை ஸ்பொன்சர் செய்யும் வழி அடைபட்டுவிடுகிறது. கணவர் செய்யலாமே என்றால், கனடாவில் 'தங்கிவாழும் பிள்ளை' என்பது பெற்ற பிள்ளை அல்லது சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை மட்டுமே. மனைவியின் மகன் மனைவியின் விண்ணப்பத்தோடு சேர்ந்துதான் வரலாம்; மாற்றாந்தந்தை தனியாக அழைக்க முடியாது.

எனவே பிள்ளையின் பெயர் இரண்டு படிவங்களில் வரவேண்டும். ஐ.எம்.எம். 0008 என்ற பொது விண்ணப்பப் படிவத்தில் தங்கிவாழும் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் எழுதி, கூட வருகிறாரா இல்லையா என்ற கேள்விக்கு உண்மையான பதிலைக் கொடுக்க வேண்டும். 'இல்லை' என்று பதில் எழுதுவதால் ஒரு குறையும் வராது. பெயரை எழுதாமல் விடுவதுதான் கேடு. ஐ.எம்.எம். 5406 என்ற குடும்ப விவரப் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரவேண்டும்: வயது வந்தவர், மணமானவர், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர், தத்தெடுத்தவர், முன்னாள் துணையிடம் வளர்பவர் என எவரையும் விடக்கூடாது.

பெயர் எழுதினால் மட்டும் போதாது, மருத்துவப் பரிசோதனையும் முடிய வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வராத பிள்ளைக்கு ஏன் மெடிக்கல், வீண் செலவு என்று நினைக்கிறார்கள். வராத பிள்ளைக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். பின்னாளில் அழைக்கும் உரிமையைக் காப்பது அந்தப் பரிசோதனைதான். குடிவரவுத் துறையின் அறிவுறுத்தல் கடிதம் வந்ததும், துறை அங்கீகரித்த மருத்துவரிடமே போகவேண்டும். குடும்ப வைத்தியரின் கடிதம் எடுபடாது. முடிவு 12 மாதம் செல்லும். கோப்பு அதற்குமேல் இழுபட்டால் மறுபடி செய்யச் சொல்லக்கூடும்.

முன்னாள் கணவரோ மனைவியோ பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப மறுப்பது உண்டு. அப்படியானால், பிள்ளையை அவரிடமிருந்து பிரிக்க இது நடக்கவில்லை, பரிசோதனை மட்டுமே என்று எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபால் ரசீது, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, மறுப்பு வந்தால் அதன் பிரதி, நீதிமன்றக் கட்டளை இருந்தால் அது, நடந்ததை விவரிக்கும் சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் அதிகாரிக்கு அனுப்புங்கள். விளக்கத்தை ஏற்றுக்கொண்டு அதிகாரி உங்கள் விண்ணப்பத்தை முன்னெடுக்கலாம். ஆனாலும் பரிசோதிக்கப்படாத பிள்ளையைப் பின்னர் அழைக்க முடியாமல் போகும் என்பதை அறிந்தே அந்த முடிவுக்கு வாருங்கள்.

வயதுக் கணக்கிலும் தவறு நடக்கிறது. 2017 அக்டோபர் 24 முதல், 22 வயது நிறையாத, மணமாகாத, துணையோடு சேர்ந்து வாழாத பிள்ளையே தங்கிவாழும் பிள்ளை. உடல் அல்லது மனநலக் காரணத்தால் 22க்கு முன்பிருந்தே பெற்றோரை நம்பி வாழ்பவருக்கு வயது வரம்பு இல்லை. முழுமையான விண்ணப்பம் துறைக்குக் கிடைத்த நாளில் உள்ள வயதே நிலைக்கும். 'முழுமையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளைக்கு இருபத்தொன்றே முக்கால் வயது ஆகும்போது அவசரமாக அனுப்பிய கோப்பு, ஒரு கையெழுத்தோ கட்டணமோ குறைந்து திரும்பி வந்தால், மறுபடி போய்ச் சேருவதற்குள் 22 கடந்துவிடலாம். வயது நிலைத்துவிட்டது என்று இடையில் கல்யாணம் செய்துவைத்தாலும் தகுதி போய்விடும்.

பிள்ளையை மறைப்பவர்களில் பெரும்பாலோர் பயத்தால்தான் மறைக்கிறார்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையைக் காட்டினால் எல்லோரையும் நிராகரிப்பார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்தால் மறுக்கும் விதி, ஸ்பொன்சர் செய்யப்படும் கணவன், மனைவி, தங்கிவாழும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வருமானம் போதாது என்பது இன்னொரு பயம். துணைக்கும் பிள்ளைக்கும் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. அந்தப் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் அது பார்க்கப்படும். ஸ்பொன்சர் ஏற்கும் பொறுப்பு கியூபெக் தவிர்ந்த இடங்களில் துணைக்கு 3 ஆண்டு. 22 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 10 ஆண்டு அல்லது 25 வயதாகும் வரை, எது முந்துகிறதோ அதுவரை. ஊரில் யாருக்கும் தெரியாத பிள்ளை என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூச்சத்துக்கான விலையைப் பிள்ளையே கட்டுகிறது. இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லாவிட்டால் மறைக்கத் தேவையில்லை. துறை மரபணுப் பரிசோதனைக்கு வாய்ப்புத் தரக்கூடும்; செலவு விண்ணப்பதாரருடையது. பிள்ளை கூட வருவதானால், வராத மற்றப் பெற்றோரின் சம்மதத்தை ஐ.எம்.எம். 5604 படிவத்தில், அவரது அடையாள ஆவணப் பிரதியோடு வாங்குங்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு பிறந்த குழந்தையும் கணக்கில் சேரும். வதிவிட உரிமை உறுதியாகும் முன் பிறந்தால், உடனே இணையப் படிவம் வழியாக அறிவித்து, பிறப்புப் பத்திரத்தையும் திருத்திய படிவங்களையும் அனுப்பி, மெடிக்கல் முடியும் வரை காத்திருங்கள். விசா வந்துவிட்டது, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று என்று பேசாமல் வந்து இறங்குவது பெரிய பிழை.

அமெரிக்காவில் உள்ள உறவினரின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. அங்கே அமெரிக்கக் குடிமகன் மனைவிக்குப் போடும் ஐ-130 என்ற உறவினர் அழைப்பு மனுவில் பிள்ளையின் பெயரை எழுதவேண்டும். ஆனால் அந்தப் பெயரால் மட்டும் பிள்ளைக்கு விசா வராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 வேண்டும். மனைவியின் பிள்ளையானால், அந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன்பே இந்தத் திருமணம் நடந்திருக்க வேண்டும். மனுதாரர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரானால், 21க்குக் குறைந்த மணமாகாத பிள்ளை மனைவியின் மனுவோடே வரலாம். மனுதாரர் இடையில் குடியுரிமை எடுத்தால் அந்த வசதி நின்றுபோகும். உடனே தனி மனுக்கள் போடவேண்டும்.

ஏற்கனவே மறைத்துவிட்டு வந்தவர்களுக்கு இரண்டு வழி உண்டு. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும், துணையாகவோ பிள்ளையாகவோ ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர்களுக்கும் 2019 செப்டம்பரில் ஒரு தற்காலிகச் சலுகைக் கொள்கை தொடங்கிப் பின்னர் நீட்டிக்கப்பட்டது. அன்றே அந்தப் பிள்ளையைக் காட்டியிருந்தாலும் அவர்களுடைய தகுதி கெட்டிருக்காது என்பது அதன் நிபந்தனை. விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று துறையின் தளத்தில் பாருங்கள். மற்றது, கனடிய குடிவரவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் மனிதாபிமான விலக்குக் கேட்பது. பணம் அனுப்பிய ரசீதுகள், அழைப்புப் பதிவுகள், பாடசாலை ஆவணங்கள், இப்போது பிள்ளையைப் பார்ப்பவரின் நிலை, மறைத்ததற்கான நேரான காரணம் ஆகியவை அதற்கு வேண்டும். தகவலை மறைத்தது 40ஆம் பிரிவின் கீழ் வந்து, உங்கள் வதிவிட உரிமையையே கேள்விக்குள்ளாக்கலாம். அதனால் எதையும் அனுப்பும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரையோ உரிமம் பெற்ற ஆலோசகரையோ பாருங்கள். ஆலோசகரின் பெயர் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன்பே தேடிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
குடிவரவுப் படிவ உதவியாளர் ஒருவர்,
ஸ்காபரோ