அமெரிக்கப் பயணம்: ஜப்பானியக் கடவுச்சீட்டு உடையோர் கவனத்திற்கு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு அமெரிக்கா செல்லவிருப்போர் தொடர்ந்து கேட்டு வருவதால் இதை எழுதுகிறேன். ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர்கள் சுற்றுலாவுக்கோ குறுகிய வணிகப் பணிக்கோ 90 நாட்கள் வரை விசா இன்றி அங்கே தங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எஸ்டா எனும் மின்னணு முன் அனுமதி இல்லாதவரை விமான நிறுவனம் ஏற்றிக்கொள்ளாது. கைக்குழந்தைக்கும் தனி எஸ்டா வேண்டும். புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் முன்பாவது, அமெரிக்க அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடலில் முதலில் வரும் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை, கூடுதல் பணம் பறிப்பவை. கட்டணம் 2025 செப்டம்பர் 30 அன்று 21 டாலரிலிருந்து 40 டாலராக உயர்ந்தது.

அனுமதி இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்றாலும், கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் எஸ்டாவையும் புதிதாகப் பெற வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். இடையில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தாலும் அந்நாட்களும் பொதுவாக 90 நாள் கணக்கிலேயே சேரும். தங்கும் காலத்தை நீட்டிக்கவும் இயலாது. 2011 மார்ச் 1-க்குப் பின் ஈரான், ஈராக், சிரியா, வட கொரியா போன்ற நாடுகளுக்கோ, 2021 ஜனவரி 12-க்குப் பின் கியூபாவுக்கோ சென்றவர்கள், சில விலக்குகள் நீங்கலாக, விசாவே எடுத்தாக வேண்டும்.

ஜப்பானில் நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்று இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இச்சலுகை கிடையாது.