பாயின்ட் ஷூவில் சிக்கனம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாலே நடனம் பயிலும் பிள்ளைக்கு, விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூவை, வளரும் கால்தானே என்று ஓர் அளவு பெரிதாக வாங்கித் தருவது ஆபத்தான சிக்கனம். ஷூவின் முனை தளர்வாக இருந்தால் பாதம் உள்ளே சரிந்து, உடல் எடையெல்லாம் பெருவிரல் நுனியில் இறங்கிவிடும்; ஆகவே, தட்டையாக நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீண்டிருக்கின்றனவா, விரல் நுனியில் ஏறி நிற்கும்போது குதிகாலில் துணி சற்றே மட்டும் மிஞ்சுகிறதா என்று நடன ஆசிரியர் முன்னிலையில் பார்த்தே வாங்க வேண்டும்.

துணி, காகித அடுக்குகளைப் பசையிட்டு இறுக்கிய அந்த முனை வியர்வையில் இளகிவிடும் என்பதால், பயிற்சி முடிந்ததும் உள்ளிருக்கும் விரல் பஞ்சை எடுத்துவிட்டு, நிழலில் காற்றாட உலர்த்துவது நல்லது. பிளாஸ்டிக் பையில் திணிக்கவே கூடாது. இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவதும் வீண்செலவன்று. பாதத்தை அடியில் தாங்கும் உள்தகடு துவண்டுபோன ஷூவை, மேலே சாட்டின் பளபளக்கிறதே என்று தொடர்ந்து அணிவிப்பதுதான் கணுக்காலுக்குக் கேடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்